கேரவன் கூரை ஒழுகுது: மேலே ஏறலாமா?

கடலோரக் குருவி, பீனிக்ஸ் (டர்பன்)
ஜூன் 14

எல்லோருக்கும் வணக்கம். போன வருடக் கடைசியில், காரில் மாட்டி இழுக்கும் பழைய ஸ்பிரைட் கேரவன் ஒன்று வாங்கினேன். தொண்ணூறுகளில் செய்தது, நாலு பேர் படுக்கலாம். ஈஸ்டர் லீவில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு மறுநாள் ஸ்காட்பர்க் கிளம்பினோம். அன்று ராத்திரி நல்ல மழை. இரண்டு மணி இருக்கும், மகள் எழுப்பி, "அப்பா, தலகாணி நனைஞ்சிருக்கு" என்றாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால் கூரை ஜன்னலின் ஓரத்தில் டீ நிறத்தில் ஒரு கறை, அதன் நுனியில் அடுத்த சொட்டு விழத் தயாராக நிற்கிறது.

விற்றவர் "கூரைக்குப் போன வருஷம்தான் சிலிகோன் போட்டேன்" என்று சொல்லித்தான் விற்றார். பொய் சொல்லவில்லை, போட்டிருக்கிறார். தோசைக்கல்லில் மாவை ஊற்றிய மாதிரி போட்டிருக்கிறார்.

ஆடி முடிகிற வரைக்கும் இங்கே மழை குறைவு. அதற்குள் பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும், விரிசல் விட்ட கூரை ஜன்னலை மாற்ற வேண்டும், கையோடு 100 வாட் சோலார் பேனல் இரண்டு பொருத்த வேண்டும். கூரை அலுமினியத் தகடு. நான் 92 கிலோ. மேலே ஏறி வேலை பார்க்கலாமா?


மரத்தச்சன், பீட்டர்மரிட்ஸ்பர்க்
ஜூன் 14

தம்பி, ஏறாதீர்கள். 92 கிலோ என்பதற்காகச் சொல்லவில்லை, 60 கிலோ என்றாலும் இதையேதான் சொல்வேன். அந்தக் காலத்துக் கேரவன் கூரை மொட்டைமாடி இல்லை. மேலே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு, அதற்குக் கீழே மெல்லிய மரச்சட்டங்கள், சட்டங்களுக்கு இடையே தெர்மாகோல், கடைசியில் அட்டை கனத்துக்குப் பிளைவுட் உட்கூரை. சட்டம் இல்லாத இடத்தில் முழங்காலை ஊன்றினால் தகடு குழியும். குழியில் தண்ணீர் தேங்கும். அடுத்த ஒழுக்கு அங்கேதான். அதோடு, உங்கள் வண்டி ஏற்கெனவே நனைந்தது. உள்ளே சட்டம் உளுத்திருந்தால் வெளியிலிருந்து தெரியவே தெரியாது.

அதனால் முதல் வேலை உள்ளேதான். கறை இருக்கிற இடத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். டீயில் தோய்த்த பிஸ்கட் மாதிரி அமுங்கினால் கூரைப் பூச்சோடு வேலை முடியாது. ஈரம் பார்க்கும் மீட்டர் யாரிடமாவது இரவல் கிடைக்கும். 15 சதவீதத்துக்குள் காட்டினால் சரி, 20ஐத் தாண்டினால் திறந்து பார்க்க வேண்டும், 30 என்றால் மரம் போய்விட்டது. கறை இருக்கிற இடத்தோடு நிறுத்தாமல் ஓரங்களையும் பாருங்கள். தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து, சட்டத்தின் மேலேயே ஊர்ந்து போய், வேறு பக்கம் சொட்டும்.

ஏறாமல் எப்படி என்று கேட்பீர்கள். வண்டியின் அகலம் இரண்டு மீட்டர் சொச்சம். பக்கத்தில் உயரமாக நின்றால் கை எண்பது, தொண்ணூறு சென்டிமீட்டர் போகும். இரண்டு பக்கமும் நின்று பார்த்தால் நடுவில் ஒரு சாண்தான் எட்டாது, அதற்கு நீளக் கம்பு வைத்த பிரஷ் இருக்கிறது. பெயின்டர்கள் வைத்திருக்கும் குறுஞ்சாரம் வாடகைக்குக் கிடைக்கும்: இரண்டு கால், நடுவே அகலப் பலகை. ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் நின்றால் கூரை உங்கள் நெஞ்சுக்கு வரும். சமையல் மேடையில் நின்று காய் நறுக்குகிற மாதிரி வேலை பார்க்கலாம்.


பக்கிக்காரன், சாட்ஸ்வர்த்
ஜூன் 15

நான் பத்து வருடமாக ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன். 18 மில்லி பிளைவுட் ஒரு துண்டை, சட்டங்களுக்குக் குறுக்கே படும்படி போட்டு, அதன் மேல் பழைய மெத்தையைப் போட்டுப் படுத்துக்கொண்டு வேலை பார்ப்பேன். பாரம் பரவிவிடும். ஒன்றும் ஆகவில்லை. எல்லாவற்றுக்கும் பயந்தால் கேரவனை விற்றுவிட்டு ஹோட்டலில்தான் தங்க வேண்டும்.


டொங்காட் அக்கா
ஜூன் 15

பக்கிக்காரத் தம்பி, ஒன்றும் ஆகாத வரைக்கும் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லைதான்.

என் சித்தப்பாவும் உங்களை மாதிரியே பலகை போட்டுத்தான் ஏறினார். கேரவனைக் காரிலிருந்து கழற்றி நிறுத்தியிருந்தது. முன்னால் சின்னச் சக்கரம், நாலு மூலையிலும் கால்கள். அந்தக் கால்கள் வண்டி ஆடாமல் இருப்பதற்குத்தான், பாரம் தாங்குவதற்கு இல்லை. ஒற்றை அச்சு வண்டி என்றால் தராசு மாதிரிதான். அவர் வேலை பார்த்துக்கொண்டே பின்பக்கம் நகர்ந்திருக்கிறார். பின்கால்களில் ஒன்று புல்தரையில் புதைந்தது, முன்பக்கம் தூக்கிக்கொண்டது. அப்போதும் விழவில்லை. பதறிப்போய் இறங்கப் பார்த்தார், அதில்தான் விழுந்தார். ஏணியை வெய்யில்கூடாரம் மாட்டும் ரெயிலில் சாய்த்து வைத்திருந்தார், கட்டவில்லை. கூரையிலிருந்து ஏணிக்குக் கால் மாற்றும் அந்த ஒரு நொடியில் ஏணி பக்கவாட்டில் நழுவியது. ஆகஸ்ட் காலை, எட்டு மணி. புல்லில் பனி இருந்ததைப் பார்த்தார், தகட்டில் இருந்ததைப் பார்க்கவில்லை.

இரண்டரை மீட்டர்தான் உயரம். வலது குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது, இடது மணிக்கட்டும் போனது. அந்தப் புரட்டாசி முழுக்கக் கோயில் படி ஏற முடியாமல் வாசலில் காரிலேயே உட்கார்ந்து தீபாராதனை பார்த்தார். இப்போதும் குளிர் வந்தால் நொண்டுகிறார்.

எனவே குருவித் தம்பி, சாரமே போட்டாலும் வண்டியைக் காரில் மாட்டியே நிறுத்துங்கள், ஹேண்ட்பிரேக்கைப் போட்டுச் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். கால்களுக்கு அடியில் பலகை. சாரத்தில் ஏற இறங்க ஏணி வைத்தால் நாலு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு தள்ளி அடியை வைத்து, மேலே கட்டிவிடுங்கள். காலை பத்து மணிக்கு முன்னால் தொடங்காதீர்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் செய்யவே செய்யாதீர்கள்.


பக்கிக்காரன், சாட்ஸ்வர்த்
ஜூன் 15

அக்கா, காரில் மாட்டாமல் நான் ஏறியதே இல்லை. ஆனால் ஏணியைக் கட்டியதில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.


லெனேசியா லைன்மேன்
ஜூன் 17

சோலார் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் வருகிறேன்.

வண்டியின் 230 வோல்ட் பிளக்கைப் பிடுங்கினால் எல்லாம் அணைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இன்வெர்ட்டர் வைத்திருந்தால் அதுவே பேட்டரியிலிருந்து 230 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். அதையும் அணைத்து, பேட்டரியையும் கழற்றிய பிறகுதான் டிரில்லைக் கையில் எடுக்க வேண்டும். உட்கூரையில் விளக்குக்குப் போகும் ஒயர் எங்கே ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. விளக்கைக் கழற்றிப் பார்த்தால் எந்தத் திசையில் போகிறது என்றாவது தெரியும். டிரில் பிட்டில் வேண்டிய ஆழத்துக்கு ஒரு டேப்பைச் சுற்றிவிடுங்கள், இல்லையென்றால் மேலே போடும் ஓட்டை சாப்பாட்டு மேசைக்கு மேலே வந்து நிற்கும். கையில் பிடிக்கும் டிரில்லுக்கு நீட்டிப்பு ஒயர் போட்டால், அது எர்த் லீக்கேஜ் (மின்கசிவு வந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) உள்ள பிளக்கிலிருந்து வரட்டும். பேட்டரி டிரில் இருந்தால் அதுவே மேல். டிரைவ்வேக்கு மேலே மின்கம்பி போகிறது என்றால் அலுமினிய ஏணியை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

பேனலுக்கு சுவிட்ச் கிடையாது. வெளிச்சம் பட்டால் மின்சாரம் வரும். 100 வாட் பேனல் ஒன்று ஒயர் மாட்டாத நிலையில் 22 வோல்ட் வரை காட்டும், இரண்டைத் தொடராக மாட்டினால் 44. உயிருக்கு ஆபத்தான அளவு இல்லை, ஆனால் ஒயர் ஒன்றோடொன்று உரசினால் பொறி பறக்கும். தரையில் நிற்கிறவன் கையை உதறிவிட்டுச் சிரிப்பான். சாரத்தில் நிற்கிறவன் திடுக்கிட்டுப் பின்னால் ஓர் அடி வைப்பான், பின்னால் ஒன்றும் இருக்காது. அதனால் வேலை முடிகிற வரை பேனல் மேல் கனமான போர்வையைப் போட்டுக் கட்டி வையுங்கள்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே வரும் சார்ஜ் கன்ட்ரோலரில் மாட்டும்போது முதலில் பேட்டரி, அப்புறம் பேனல். கழற்றும்போது முதலில் பேனல், அப்புறம் பேட்டரி. ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் அந்த ஒரு மீட்டர் ஒயருக்குக் காவல் இல்லை. ஒயர் 6 சதுர மில்லி வாங்குங்கள். இரண்டு பேனலை இணையாக மாட்டினால் 12 ஆம்ப் கிட்ட ஓடும். 2.5 மில்லி ஒயரில் போக வர 12 மீட்டர் என்றால் ஒரு வோல்ட் அதிலேயே கரைந்துவிடும்.


கடலோரக் குருவி
ஜூலை 6

சாரம் வாடகைக்கு எடுத்து மூன்று சனிக்கிழமை ஆகிறது. சுரண்டல் இன்னும் முடியவில்லை. யாரும் இதைச் சொல்லித்தரவில்லை, நான் எழுதி வைக்கிறேன்.

சிலிகோன் நகத்தால் பிடித்தால் தோல் மாதிரி நீளமாக உரிந்து வரும். சந்தோஷப்படாதீர்கள். உரிந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் நிற்கிறது. அதன் மேல் எதுவும் ஒட்டாது, பெயின்ட்கூட நழுவி ஓடுகிறது. தண்ணீர் தெளித்துப் பார்த்தேன்: சுத்தமான இடத்தில் தண்ணீர் பரவியது, படலம் இருந்த இடத்தில் தாமரை இலை மாதிரி முத்து முத்தாய் நின்றது. பிளாஸ்டிக் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய பனியன், திரும்பச் சுரண்டி. ஒரு முழத்துக்கு ஒரு மணி நேரம்.

ஓரத்துப் பிளாஸ்டிக் பட்டையைப் பிடித்து இழுத்தேன், அடியில் வரிசையாக ஸ்க்ரூ. வெளியே பார்க்க எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கழற்றினால் இருபத்தேழில் பதினொன்றுக்குத் தலை மட்டும்தான் வந்தது, தண்டு துருவாகி உள்ளேயே உதிர்ந்துவிட்டது. ஓர் ஓட்டையில் குண்டூசியை விட்டால் கறுப்பாய் ஈரமான மரத்தூள் ஒட்டிக்கொண்டு வருகிறது. அக்கா சொன்ன கதையைப் படிக்காமல் நான் ஏறியிருந்தால் அந்த மூலையில்தான் கால் வைத்திருப்பேன்.


மரத்தச்சன், பீட்டர்மரிட்ஸ்பர்க்
ஜூலை 6

அதுதான் கடலோர வண்டியின் கதை. இரும்பு ஸ்க்ரூவும் அலுமினியமும் உப்புக் காற்றில் ஒன்றையொன்று தின்னும். வினிகர் வாசனை அடிக்கும் மலிவு சிலிகோன் அதற்கு எண்ணெய் ஊற்றுகிறது, அந்த வாசனை அமிலம்தானே. ஸ்டெயின்லெஸ் போடுங்கள், ஆனால் ஒவ்வொன்றையும் சீலன்டில் தோய்த்துப் போடுங்கள். அதுவும் அலுமினியத்தோடு நேரடியாகப் பட்டால் நல்லதில்லை.

கெட்ட மரத்தை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைத்த பிறகுதான் மூட வேண்டும். ஓரப்பட்டைக்கு அடியில் பியூட்டைல் டேப். அது இறுகாது, எப்போதும் களிமண் மாதிரிதான் இருக்கும். ஸ்க்ரூவை ஒரே மூச்சில் முறுக்காதீர்கள். இன்று கொஞ்சம், நாளைக்கு வெய்யிலில் இளகிய பிறகு கொஞ்சம். இரண்டு மூன்று நாளில் ஓரத்தில் பிதுங்கி வருவதைப் பிளாஸ்டிக் சுரண்டியால் நறுக்கிவிடுங்கள்.


பக்கிக்காரன், சாட்ஸ்வர்த்
ஜூலை 7

இவ்வளவு கஷ்டம் எதற்கு? மேலே மெம்ப்ரேன் துணி போட்டு ரப்பர் பெயின்ட் இரண்டு கை அடித்தால் முடிந்தது. என் மாமனார் வீட்டுக் கூரையே அப்படித்தான், 2022 ஏப்ரல் வெள்ளத்தில்கூட ஒழுகவில்லை.


மரத்தச்சன், பீட்டர்மரிட்ஸ்பர்க்
ஜூலை 7

வீடு நின்ற இடத்தில் நிற்கிறது. கேரவன் மேடு பள்ளத்தில் முறுக்கிக்கொண்டே போகிறது. வெய்யிலில் தகடு விரியும், டிராகன்ஸ்பர்க் மலை ராத்திரியில் சுருங்கும். பூச்சு இரண்டு வருடம் தாங்கும், அப்புறம் எங்கோ மயிரிழை விடும். தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. நனைந்த மரத்தின் மேல் மெம்ப்ரேன் போடுவது புண்ணை ஆற்றாமல் கட்டுப் போடுவது. உங்கள் மாமனார் வீட்டுக்கு எதிராக நான் எதுவும் சொல்லவில்லை.


சோற்றுமூட்டை, ஸ்டாங்கர்
ஜூலை 9

ஒரு சின்ன விஷயம். அடைக்கிற ஆர்வத்தில் காற்றுப் போகும் வழிகளையும் அடைத்துவிடாதீர்கள். கூரையில் காளான் மாதிரி ஒன்று இருக்கும், சில வண்டிகளில் கேஸ் ஃபிரிட்ஜின் புகை போகும் வழியும் கூரையில் இருக்கும். தரையில் ஓட்டைகள் இருப்பதும் காரணத்தோடுதான், கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் போகும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் குளிர் வருகிறது என்று எல்லாவற்றையும் துணி வைத்து அடைத்துவிட்டு உள்ளே அடுப்பைப் பற்றவைத்தார். தலைவலி என்று வெளியே வந்து உட்கார்ந்ததால் தப்பித்தார்.


கடலோரக் குருவி
ஜூலை 20

மரத்துண்டு வைத்தாயிற்று. ஓரப்பட்டை முடிந்தது. புதுக் கூரை ஜன்னல் வந்துவிட்டது, அக்ரிலிக் மூடி. இதற்கும் சிகாஃப்ளெக்ஸ் 221 (பாலியூரிதேன் சீலன்ட்) போடலாமா? அப்புறம் பேனலின் மூலைப் பிடிகளைப் பசையில் மட்டும் ஒட்டலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். N3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறும்போது பறந்து போகாதா? இன்னொன்று, எடை. வண்டியின் எடைத் தகட்டில் வெற்று எடை 880 கிலோ, மொத்தம் 1100 கிலோ என்று போட்டிருக்கிறது.


மரத்தச்சன், பீட்டர்மரிட்ஸ்பர்க்
ஜூலை 20

அக்ரிலிக்கின் மேல் பாலியூரிதேன் படவே வேண்டாம், தின்னரும் வேண்டாம். உடனே ஒன்றும் தெரியாது, சில மாதத்தில் சிலந்தி வலை மாதிரி விரிசல் விடும். சட்டத்துக்கு அடியில் பியூட்டைல் போதும்.

பேனல் பிடிக்குப் பசை நல்ல பசைதான், அவசரம்தான் கெடுக்கும். இந்தச் சீலன்ட் காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும், ஓரத்திலிருந்து உள்ளே ஒரு நாளைக்கு மூன்று மில்லி அளவில். நாலு சென்டிமீட்டர் அகலப் பசை நடு வரை இறுக ஒரு வாரத்துக்கு மேலாகும். மேலே தொட்டுப் பார்த்தால் ஒரு மணி நேரத்திலேயே காய்ந்த மாதிரி இருக்கும், அதை நம்பாதீர்கள். நான் என்றால் ஒவ்வொரு பிடிக்கும் ஒரு ஸ்க்ரூவாவது சட்டம் பார்த்து இறக்குவேன். பசை போனாலும் பேனல் பின்னால் வரும் கார்க்காரன் கண்ணாடியில் போய் இறங்காது. தகட்டுக்கும் பேனலுக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள்.


லெனேசியா லைன்மேன்
ஜூலை 21

அந்த இடைவெளி காற்றோட்டத்துக்கு. பேனலில் எழுதியிருக்கும் 100 வாட் 25 டிகிரிக் கணக்கு. அதற்கு மேல் டிகிரிக்கு 0.4 சதவீதம் போல் குறையும். டிசம்பர் வெய்யிலில் பேனல் 65 டிகிரி ஆனால் 84 வாட்தான் மிச்சம். இங்கே சூரியன் வடக்கே போகிறது, கூரையில் படுத்துக் கிடக்கும் பேனலுக்குக் குளிர்காலத்தில் இன்னும் கம்மி. நிறுத்தும்போது கூரை ஜன்னலின் நிழல் பேனலில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எடைக்குக் கணக்கு: கண்ணாடிப் பேனல் ஒன்று ஏழு கிலோ என்று வையுங்கள், பிடி, ஒயர் எல்லாம் சேர்த்து கூரையில் 18 கிலோ. ஈயப் பேட்டரி 100 ஆம்ப் ஹவர் என்றால் 28 கிலோ, லித்தியம் 12 கிலோ. உங்களிடம் இருப்பது 220 கிலோ. தண்ணீர், கேஸ், மெத்தை, பானை, கறி சுடும் பிராய் அடுப்பு எல்லாம் அதற்குள்தான். வண்டி 750 கிலோவைத் தாண்டியது, உங்கள் லைசென்ஸில் EB (கனமான டிரெய்லர் இழுக்கும் அனுமதி) இருக்கிறதா என்றும் ஒரு தரம் பாருங்கள். மேல்கூரையைத் தூக்கும் பாப்டாப் வண்டி வைத்திருப்பவர்களுக்கு: அந்த 18 கிலோவையும் ஒவ்வொரு முறையும் கையால் தூக்குவது நீங்கள்தான்.


டொங்காட் அக்கா
ஆகஸ்ட் 4

நம்ம ஊர்ச் சொல் இங்கேயும் பொருந்துகிறது பாருங்கள், ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும். இந்த வாரம் பேனலைத் தூக்குவதாக இருந்தால் காற்று அடங்கின பிறகு தூக்குங்கள். ஒன்றரைச் சதுர அடி அட்டையே கையை முறுக்குகிறது. நாளைக்குக் கூழ் ஊற்றுகிறோம், பக்கத்தில் இருப்பவர்கள் வரலாம்.


கடலோரக் குருவி
ஆகஸ்ட் 11

கூழ் குடித்தேன் அக்கா, நன்றி. பேனலை மச்சானும் நானும் ஆளுக்கொரு சாரத்தில் நின்று, போர்வை சுற்றிய படியே தூக்கி வைத்தோம். கூரையில் ஒரு கால்கூட வைக்கவில்லை. நடுவில் எட்டாத அந்தச் சாணுக்குத் துடைப்பக் கம்பில் பிரஷ்ஷைக் கட்டினேன். லைசென்ஸில் EB இருக்கிறது, பார்த்துவிட்டேன். வண்டியைப் பத்து நாளைக்கு நகர்த்தப் போவதில்லை.

ஹோஸ் வைத்துச் சோதித்தோம். மகள் உள்ளே டார்ச்சோடு, நான் வெளியே. கீழிருந்து மேலே, ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் சேர்ந்து நனைந்து, எது ஒழுகுகிறது என்று தெரியாமல் போகும். கூரையில் ஒன்றும் இல்லை.


கடலோரக் குருவி
நவம்பர் 23

நேற்று ராத்திரி செயின்ட் லூசியாவில் இடியோடு மழை, மூன்று மணி நேரம். கூரை ஜன்னலைச் சுற்றி டிஷ்யூ ஒட்டி வைத்திருந்தேன், விடிந்து எடுத்தால் மொறமொறவென்று இருக்கிறது. தலகாணி காய்ந்திருக்கிறது. ஃபிரிட்ஜ் ராத்திரி முழுக்க ஓடியது.

ஆனால் முன்பக்கப் பெரிய கண்ணாடிக்குக் கீழே, இடது மூலையில், டீ நிறத்தில் சின்னதாக ஒன்று தெரிகிறது.


மரத்தச்சன், பீட்டர்மரிட்ஸ்பர்க்
நவம்பர் 23

கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தீர்களா? கண்ணாடிக்கு வேறு இழை தொடங்குங்கள் தம்பி, இது நீளமாகிவிட்டது.